மண் பூவும் எறும்பின் தலையும்

லெவ்வை மாமா பூவை ஊதினார்.

எங்கள் வீட்டு ஹோலில், ஜன்னலோரத்து மேசையில், ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்தச் செவ்வரத்தம்பூ இருந்தது. அவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். சிவப்பு இதழின் உட்பக்கத்தில் கறுப்பு எறும்பு ஒன்று நின்றது. அது அசையவில்லை. இன்னும் பலமாக ஊதினார். அப்போதும் நின்ற இடத்திலேயே நின்றது.

சுட்டுவிரல் நகத்தால் தட்டிவிடப் பார்த்தார். நகம் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார்.

"இது மண்ணா?"

"ஓம் மாமா. பூவும் மண்தான், எறும்பும் மண்தான். ராத்தா செஞ்சது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் நிமிர்ந்தார். வாப்பாவைப் பார்த்தார். பிறகு உள் அறைக்கான வாசலில் தொங்கிய திரையைப் பார்த்தார். திரைக்கு அந்தப் பக்கம் ராத்தா நின்றுகொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும்.

"பூ பரவாயில்ல" என்றார். "எறும்பு உயிருள்ளதெல்லோ."

இந்தத் தொடரில் வாப்பாவின் வயலைப் பற்றி எழுதியபோது, வாய்க்கால் வெட்டுகிற காலத்தில் அவர் மண்ணை உரப்பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த மண் எதற்கு என்று கல்முனைச் சந்தையில் கண்டவர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். அதற்குப் பதில்தான் இது.

வீடு பார்க்க வந்தவர்கள்

எங்கள் பக்கத்துக் கலியாண வழக்கம் வெளியூர்க்காரருக்குப் புதிதாக இருக்கும். இங்கே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. பெற்றவர்கள் அதை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் கிடுகோ தகரமோ போட்ட சின்ன வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஏற்பாடு. வாப்பா, உம்மா, நான் மூன்று பேருக்கும் பின்வளவில் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

ஆகவே பேச்சு முற்றியதும் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒருதடவை வந்து வீட்டைப் பார்ப்பார்கள். கிணறு, குசினி, கூரை எல்லாம் பார்த்து, வெற்றிலை போட்டு, கலியாண நாளைக் குறித்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு நாள் குறிப்பதாகத்தான் இருந்தது.

லெவ்வை மாமா மாப்பிள்ளையின் வாப்பா. பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறவர். அதனால் லெவ்வை. மெலிந்த, வெள்ளையான, நேரான மனிதர். கடையில் மீதிச் சில்லறை கூடிப்போனால் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சொல்கிறவர்கள் அதைப் பாராட்டாகச் சொல்வார்கள், கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

மாப்பிள்ளை அன்வர் மச்சானும் வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் வேலை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான், அதுவும் கலைப்பிரிவு. விஞ்ஞானம் படித்த ஒருவர் வீட்டுக்கு வரப்போகிறார் என்பதில் எனக்குத் தனியாக ஒரு சந்தோஷம் இருந்தது. அவரோடு என்னென்ன கதைப்பது என்று யோசித்தெல்லாம் வைத்திருந்தேன்.

ராத்தாவின் பெயர் ஜெமீலா. என்னைவிட மூன்று வயது மூத்தவ. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

வாய்க்கால் மண்

மண் பூ என்றதும் பொம்மைக் கடையில் இருக்கிற தடித்த பூவை நினைக்க வேண்டாம்.

கடலோரத்து மண் உதவாது. ஆற்றுவாய்ப் பக்கத்து மண்ணும் உதவாது. உப்பு இருக்கும். செய்யும்போது தெரியாது. காய்ந்து சில நாள் போனபின் இதழ் முழுக்க வெள்ளை பூத்துவிடும், துடைக்கத் துடைக்க வரும். முதல் வருடம் ராத்தா செய்த பூக்கள் எல்லாம் அப்படித்தான் பழுதாயின. உம்மா அவற்றைப் பார்த்து, "ஒண்ட பூவுக்கு நரை உழுந்திருக்கி புள்ள" என்று சிரித்தா.

அதனால் வயல் மண். எங்கள் வயல் சொறிக்கல்முனைக்கு அந்தப் பக்கம். வாய்க்காலின் அடியில் படிகிற வண்டல், கையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, பழைய சேலைத் துணியில் வடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, பலகையில் பரப்பி வைப்பா. தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரவேண்டும். பிறகு விளாத்தி மரத்துப் பிசினும் பிய்த்த பஞ்சும் சேர்த்துப் பிசைவா. பஞ்சு இல்லாவிட்டால் இதழ் வெடிக்கும்.

இதழுக்கு அச்சு எதுவும் கிடையாது. ஒரு சின்ன உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையின் பெருவிரலால் அழுத்தி இழுப்பா. உள்ளங்கை ரேகை மண்ணில் பதியும். அதுதான் இதழின் நரம்பு. ராத்தா செய்த எல்லாப் பூக்களிலும் ஓடியது ராத்தாவின் கைரேகைதான். இதை அவவிடம் சொன்னபோது, "அதுக்கென்ன, நரம்பு வந்தாச் சரி" என்றா.

இதழை வெயிலில் காயவைக்கக் கூடாது. உப்புப் போகக் கழுவிக் காயவைத்த கடல்மணலைச் சுளகில் குவித்து, அந்த மணலில் குழி செய்து, குழியில் இதழைப் படுக்கவைப்பா. மணல் தாங்கிக்கொள்வதால் வளைவு கலையாது. கடல் எங்களுக்கு உதவியது அந்த அளவுக்குத்தான்.

செவ்வரத்தையின் நடுத்தண்டு தென்னை ஈர்க்கில். அதில் மகரந்தத்துக்கு மஞ்சள் சாயம் ஏற்றிய ரவை. கடைசியில் முட்டை வெள்ளைக்கருவை மெல்லியதாகத் தடவினால் இதழில் ஈரம் இருப்பது போலத் தெரியும். சூளையில் வைப்பதில்லை, அந்த மெல்லிசுக்குத் தாங்காது. தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் வருடக்கணக்கில் இருக்கும்.

கலியாண வீடுகளில் மணவறை மேசைக்கு ராத்தாவின் பூவைத்தான் கேட்டு வாங்கிப் போவார்கள். திருப்பிக் கொண்டுவந்து தருகிறவர்கள் குறைவு. பின்னுக்குப் பின்னுக்குக் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள்.

எறும்பு வந்த கதை

எறும்பு முதலில் இல்லை. அது எங்கள் கரையை அடித்த அந்தப் பெரிய சூறாவளிக்குப் பின்னால் வந்தது.

சூறாவளியைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கங்கள் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அடுத்த நாள் காலையில் வெளியே வந்தபோது ஊரில் இலை இல்லை. விழாமல் நின்ற மரத்திலும் இலை இல்லை. வேலிகள் போய், பூச்செடிகள் போய், வீட்டுக்கு வீடு கடல் தெரிந்தது. பூ என்று ஒன்றைப் பார்க்கப் பல மாதமாயிற்று.

அந்த மாதங்களில் ராத்தா நினைவிலிருந்துதான் செய்தா. நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வந்து, கூரைக்குக் கட்டிய தறப்பாளின் கீழே உட்கார்ந்து செய்தா. எங்களுக்கு அது சரியாகத்தான் தெரிந்தது. அவவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "எல்லாம் இரிக்கி, என்னமோ ஒண்டு இல்ல" என்பா. இதழை மாற்றிப் பார்த்தா, நிறத்தை மாற்றிப் பார்த்தா.

பிறகு ஒருநாள் வாப்பா வயலிலிருந்து வந்தார். சொறிக்கல்முனையில் அவருடைய வயல் கூட்டாளி வீட்டில் செவ்வரத்தை துளிர்த்து முதல் தடவையாகப் பூத்திருந்தது. மகளுக்கென்று ஒரு கொப்பை முறித்துச் சைக்கிள் ஹாண்டிலில் கட்டிக் கொண்டுவந்தார். வந்தவர் இறங்கியதும் கையை உதறினார். கொப்போடு எறும்பும் வந்து, வழி நெடுக அவரைக் கடித்திருந்தது.

வாப்பா ஏசிக்கொண்டு நின்றார். ராத்தா பூவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தா. "இதுதான் வாப்பா இல்லாமப் போனது" என்றா.

அன்றிலிருந்து செவ்வரத்தைக்கு ஓர் எறும்பு. கறுப்பு மண்ணில் மூன்று உருண்டை, கயிற்றுத் தும்பில் கால்கள். மற்றப் பூக்களுக்கு இல்லை. வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை என்பதை இப்போது நினைக்க எனக்கே ஆச்சரியம். ஐந்து வேளையும் தொழுகிற, உயிருள்ளதை உருவமாகச் செய்யக்கூடாது என்று தெரிந்த வீடு எங்களுடையது. ஆனால் எறும்பை ஓர் உருவம் என்று யார் நினைப்பார்கள்?

உயிர் என்ற சொல்

லெவ்வை மாமா நினைத்தார்.

"உருவம் இரிக்கிற ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க" என்று வாப்பாவிடம் சொன்னார். கோபமே இல்லை. வீட்டின் கூரையில் ஓர் ஓடு உடைந்திருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். "என்ட மகன் தொழப்போற ஊடு இது. புள்ளக்கிட்டச் சொல்லி அந்த எறும்ப மட்டும் எடுத்திரச் சொல்லுங்க. பூவுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. மரம், செடி, பூ, அதெல்லாம் உயிரில்லாதது. செய்யலாம், ஆகும்."

அத்தோடு முடிந்திருக்கும். வாப்பா தலையை ஆட்டிவிட்டார். வெற்றிலை வட்டாவை எடுக்க நான் எழும்பிவிட்டேன்.

அப்போதுதான் அன்வர் மச்சான் வாயைத் திறந்தார். வந்ததிலிருந்து அவர் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லது செய்யத்தான் நினைத்தார், அதில் சந்தேகமில்லை. எறும்பைக் காப்பாற்ற வேண்டும், திரைக்குப் பின்னால் நிற்கிறவ அதைக் கேட்கவும் வேண்டும்.

"வாப்பா, அப்பிடிப் பாத்தா பூவுக்கும் உயிர் இரிக்கிதானே" என்றார். "மூச்சு விடுது, வளருது, இனம் பெருக்குது. செடியும் உயிருள்ளது எண்டுதான் நாங்க படிக்கிற. ரெண்டும் ஒண்டுதான்."

பூவைப் போல எறும்பும் ஆகும் என்று அவர் சொல்ல வந்தார். லெவ்வை மாமாவின் காதில் அது மறுபக்கமாக விழுந்தது.

"பூவுக்கும் உயிர் இரிக்கா?"

"ஓம் வாப்பா."

"நிச்சயமாத் தெரியுமா?"

"சோதினையில எழுதியிருக்கன்."

லெவ்வை மாமா மகனைப் பார்த்தார். அவர் மகனைப் படிக்கவைத்ததே அவன் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். பிறகு தம்ளரை, எறும்பை, பூவை எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறை பார்த்தார்.

"அப்ப பூவும் யோசிக்க வேண்டிய விசயம்தான்" என்றார். "தெரியாம நான் ஆகும் எண்டும் சொல்லக்கூடாது, கூடாது எண்டும் சொல்லக்கூடாது. கேட்டுத்தான் சொல்லணும். அதுவரைக்கும் புள்ள ஒண்டும் செய்யாம இரிக்கட்டும். கலியாண நாளைப் பிறகு வைப்பம்."

அன்வர் மச்சானின் முகத்தை நான் பார்த்தேன். பாடத்தைச் சரியாக ஒப்புவித்துவிட்டு அடிவாங்கிய பிள்ளையின் முகம்.

வெற்றிலையை யாரும் தொடவில்லை. உம்மா செய்த வட்டிலப்பத்தையும் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டார்கள்.

குசினியில்

அவர்கள் போனபின் உம்மா குசினியில் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தா. பெண்ணுக்கு இருபத்தைந்து நடக்கிறது. வீடு கட்டிக் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அரசாங்க வேலை. மண் பிசைவதை விட்டால் என்ன குறைந்துவிடும், ஊரில் மற்றப் பெண்களெல்லாம் மண்ணைப் பிசைந்துகொண்டா குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தா.

ராத்தா மீன் அரிந்துகொண்டிருந்தா. அரிந்து முடித்து, கழுவி, கையைத் துடைத்துவிட்டுத்தான் கதைத்தா.

"எறும்ப எடுக்கிறன் உம்மா. அது ஒரு ஆளுக்கு மனசுல குத்துது எண்டா எடுக்கத்தான் வேணும். அவர் தொழுற அறையில பூவும் வைக்க மாட்டன்."

"அப்ப சரிதானே."

"செய்யவே வேணாம் எண்டா ஏலா. அப்பிடிச் சொன்னாங்க எண்டா வேற ஊட்டுல பொண்ணு பாக்கச் சொல்லுங்க."

உம்மா கையிலிருந்த சட்டியை வைத்தா. "கேட்டீங்களா இவள? மண்ணாங்கட்டிக்காக மாப்பிள்ளைய உடப்போறாளாம்" என்று வாசலில் நின்ற வாப்பாவைப் பார்த்துச் சொன்னா.

ராத்தா அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. சூறாவளியன்று கூரை போனபோதும் இதே குரலில்தான், "உம்மா, அந்தப் பக்கம் போய் இரிங்க, இந்தச் சுவர் விழப்போகுது" என்று சொன்னா. சுவர் விழுந்தது.

வாப்பா என்னைக் கூப்பிட்டார். "மகன், நீ படிச்சவன். ஹஸ்ரத்துக்கிட்டப் போய்க் கேட்டுக்கிட்டு வா. பூவையும் கொண்டுபோ. வாயால சொன்னா ஒருத்தருக்கும் விளங்கப்போறதில்ல."

பிஸ்கட் தகரத்தில்

ஹஸ்ரத் தெற்கே ஓர் ஊரில் மத்ரஸா நடத்திக்கொண்டிருந்தார். லெவ்வை மாமாவும் அவரிடம் ஓதியவர்தான். அவர் சொன்னால் லெவ்வை மாமா கேட்பார்.

பிஸ்கட் தகரத்தில் மணல் நிரப்பி, அதில் பூவைப் படுக்கவைத்து, எறும்போடுதான் கொண்டுபோனேன். பஸ்ஸில் இருக்க இடமில்லை. தகரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொண்டக்டர் அதில் என்ன என்று கேட்டார். பூ என்றேன். "பூவ ஆரும் பெட்டிக்குள்ள அடைப்பாங்களா தம்பி, வாடிப்போகுமே" என்றார். வாடாது என்று சொல்லி விளக்க எனக்கு அப்போது தெம்பில்லை.

ஹஸ்ரத் வயதானவர். தொய்வுக்காரர். நாலு சொல்லுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டார். மச்சான் சொன்ன இடம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"மாப்பிள்ள பிழையாச் சொல்லல்ல" என்றார். "செடிக்கு உயிர் இரிக்கி எண்டு விஞ்ஞானத்துல சொன்னா அது சரிதான். ஆனா நாங்க இங்க கேக்கிறது ரூஹு. மனிசனுக்கும் மிருகத்துக்கும் ஊதப்பட்டது. அது செடிக்கில்ல. தமிழ்ல ரெண்டுக்கும் உயிர் எண்டு ஒரு சொல்லுதான் நம்மட வாயில கிடக்கு. அது மாப்பிள்ளட பிழையுமில்ல, லெவ்வைட பிழையுமில்ல. பூ ஆகும். தாராளமாச் செய்யலாம் எண்டு சொல்லுங்க."

எனக்கு உடனே எழும்பி ஓடவேண்டும் போலிருந்தது.

"இரிங்க" என்றார். "அந்த எறும்பக் காட்டுங்க."

தகரத்தைத் திறந்தேன். பக்கத்தில் ஓதிக்கொண்டிருந்த பையன்களும் எட்டிப் பார்த்தார்கள். ஹஸ்ரத் பூவைத் தரையில், பாயின் மேல் வைக்கச் சொன்னார். பிறகு சுவரைப் பிடித்து எழும்பி நின்றார். சின்ன உருவத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்றார். நிலத்தில் வைத்து, நின்றுகொண்டு பார்க்கும்போது உறுப்புகள் தெளிவாகத் தெரியாவிட்டால் அது குற்றமில்லை. பொட்டு மாதிரி, புள்ளி மாதிரி என்று விட்டுவிடலாம்.

நின்றபடி பார்த்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார். ஒரு பையனைக் கூப்பிட்டு என்ன தெரிகிறது என்று கேட்டார்.

"எறும்பு, ஹஸ்ரத்."

"தலை தெரியுதா?"

"தெரியுது. மீசையும் தெரியுது."

"கால் எத்தின?"

"எட்டு."

"ஆறு" என்றான் இன்னொருவன். இருவரும் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். ஆறுதான். ராத்தா எண்ணித்தான் ஒட்டியிருந்தா.

ஹஸ்ரத் மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். மூச்சு சரியாகும்வரை காத்திருந்தார்.

"ஒங்கட ராத்தாக்குக் கொஞ்சம் கை வராம இருந்திருந்தா இத ஆகும் எண்டு உட்டிருப்பன் மகன். இவ்வளவு நல்லாச் செஞ்சா நான் என்ன செய்யிற?" என்றார். உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னார். "தலைய எடுக்கச் சொல்லுங்க. தலை போனா உருவமில்ல. மிச்சம் இரிக்கலாம்."

திரும்பி வரும் வழியில் பக்கத்து ஊரில் இறங்கி, லெவ்வை மாமாவிடமும் தீர்ப்பைச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பார்ப்பதாகத்தான் சொன்னார். நாள் குறிப்பதாகச் சொல்லவில்லை.

தலை இல்லாத எறும்பு

பூ ஆகும் என்றதும் உம்மா இரண்டு கையையும் ஏந்தித் துஆ கேட்டா. ராத்தா ஊசியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனா.

எறும்பின் தலையை எடுக்க ஒரு கணம்கூட ஆகவில்லை. ஊசி முனையால் ஒரு நெம்பு. கடுகைவிடச் சின்னதாக ஏதோ ஒன்று மேசையில் உருண்டது. உம்மா அதை விரலால் ஒற்றி எடுத்து வெளியே எறிந்துவிட்டு, "முடிஞ்சிது. இதுக்குத்தானா இவ்வளவும்?" என்றா.

ராத்தா பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"செத்துப்போயித்து" என்றா.

"அது எண்டைக்கு உசிரா இருந்த?"

"நேத்து இருந்திச்சி."

எனக்கும் பார்க்க நன்றாக இல்லை. தலை இல்லாத எறும்பு பூவின் மேல் நின்றால், பார்க்கிறவர்களின் கண் பூவுக்குப் போகாது. யார் இதைக் கொன்றது என்றுதான் யோசிக்கத் தோன்றும். மார்க்கப்படி சரி. மணவறை மேசையில் வைக்க முடியாது.

மிச்சத்தையும் சுரண்டி எடுத்துவிட்டா. இப்போது பூ சுத்தமாக இருந்தது. சூறாவளிக்குப் பின் தறப்பாளின் கீழே செய்த பூ மாதிரி, எல்லாம் இருந்து என்னவோ ஒன்று இல்லாமல்.

அடுத்த சில நாளும் அவ மண்ணைத் தொடவில்லை. வேலை முடிந்ததும் வேலியோரம் போய்ச் செவ்வரத்தைச் செடியின் முன்னால் குந்திக்கொண்டிருப்பா. அப்போது எங்கள் வேலியிலும் அது திரும்ப வளர்ந்திருந்தது. உம்மா ஜன்னலால் பார்த்து, கலியாணப் பேச்சு இழுபட்டதில் பிள்ளைக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது என்று என்னிடம் மெல்லச் சொன்னா. என்ன பார்க்கிறீங்க ராத்தா என்று கேட்டேன்.

"எறும்பு வரக்கொள்ள எல்லாரும் பாக்கிற. போனதுக்குப் பிறகு ஆரும் பாக்கிறல்ல" என்றா.

வியாழக்கிழமை புதுப் பூ ஒன்று செய்தா. மணலிலிருந்து எடுத்து, சாயம் தீட்டி, வெள்ளைக்கரு தடவி, அது காய்வதற்குச் சற்று முன்னால், மஞ்சள் ரவையை இன்னும் பொடியாக அரைத்த தூளில் ஊசி முனையைத் தொட்டுத் தொட்டு ஏதோ செய்துகொண்டிருந்தா. விளக்கை மறைக்கிறேன் என்று என்னைத் தள்ளிப் போகச் சொன்னா. நான் சரியாகப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை

ஜும்ஆ முடிந்து அவர்கள் வந்தார்கள். இந்தத் தடவை மாப்பிள்ளையின் உம்மாவும் வந்து, நேரே உள்ளே போய்விட்டா. அன்வர் மச்சான் வாசல் கதிரையில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று தீர்மானித்து வந்தவர் போல இருந்தார். நான் தேத்தண்ணி கொடுத்தபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினார்.

லெவ்வை மாமா நேரே மேசைக்குப் போனார்.

குனிந்து பார்த்தார். எறும்பு இல்லை. தலை இல்லாத எறும்பும் இல்லை. திருப்தியாகத் தலையை ஆட்டியவர், நிமிராமல் அப்படியே நின்றுவிட்டார்.

பக்கத்தில் போய் நானும் பார்த்தேன். நடுத்தண்டின் நுனியில் மகரந்தம் ஓர் இடத்தில் மிதிபட்டது போலக் கலைந்திருந்தது. அங்கிருந்து மஞ்சள் தூள் பொட்டுப் பொட்டாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், தண்டு வழியாக இறங்கியது. சிவப்பு இதழில் ஏறி, ஓரிடத்தில் வழி தெரியாமல் ஒரு சின்ன வட்டம் சுற்றி, பிறகு நேராக இதழின் விளிம்புவரை போனது. விளிம்பில் முடிந்துவிட்டது.

லெவ்வை மாமாவின் விரல், இதழில் படாமல், அந்தப் பொட்டுகளுக்கு மேலாகவே நகர்ந்தது. வட்டத்தையும் சுற்றியது. விளிம்பில் வந்து நின்றது. அவர் தம்ளரை எடுத்து உயர்த்தி, இதழின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். மறுபக்கம் திருப்பி அங்கேயும் பார்த்தார்.

"எங்க அது?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் நிக்காஹுக்கு முன் மணப்பெண் மாமனாரோடு கதைப்பதில்லை. திரை கொஞ்சம் அசைந்தது.

"போயித்து, மாமா" என்றா ராத்தா.

வாப்பா என்னைப் பார்த்தார். உள்ளே உம்மா மூச்சை இழுப்பது கேட்டது. அன்வர் மச்சான் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

லெவ்வை மாமா தம்ளரை மெல்ல மேசையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்தார். பிறகு வந்து வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலை வட்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மருமகளுக்குக் கை மட்டுமில்ல, வாயும் இரிக்கி" என்றார்.

அதுவரை அவர் ராத்தாவைப் 'புள்ள' என்றுதான் சொல்லியிருந்தார்.